வெயிலில் பழுக்கும் பலா

லால்குடிப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் பலாக்கன்று வைக்கப் போவதாகச் சொன்னால் பாதிப்பேர் தடுப்பார்கள். அது மலைமரம், கொல்லிமலையிலும் பச்சைமலையிலும்தான் வரும், நம் ஊர்க் கத்திரி வெயிலுக்குக் கருகிப் போகும் என்பார்கள். கேட்டவரும் அதை நம்பி வாழை, தென்னையோடு நின்றுவிடுகிறார். திருச்சி காந்தி மார்க்கெட்டில் லாரியிலிருந்து இறங்கும் பழத்தை விலை கொடுத்து வாங்கித் தின்பதோடு அவருக்கும் பலாவுக்கும் உள்ள உறவு முடிந்துவிடுகிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நல்ல பலாச்சுளைக்கு வெயில் வேண்டும். மழைநாட்டுப் பலாவைவிட வெயில்நாட்டுப் பலா ருசியில் ஒரு படி மேல் என்பது என் துணிபு. ஆனால் வெயில்நாட்டில் பலாவைத் தேர்ந்து வாங்கி ஆளாக்குவது தனிக் கலை. அதைத் தெரிந்தவர்களின் கைவேலையைப் பார்த்து வியந்தே நான் பலாப் பைத்தியம் ஆனேன்.

பலாவின் பிறப்பிடம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடு. பாரியின் பறம்பு மலையில் உழவர் உழாமலே கிடைக்கும் உணவு நான்கு என்று புறநானூற்றில் கபிலர் கணக்குச் சொல்கிறார். மூங்கில் நெல், வள்ளிக்கிழங்கு, தேன் ஆகியவற்றோடு பலாப்பழமும் அந்தக் கணக்கில் உண்டு. மலையில் அது தானாக முளைத்துத் தானாகக் காய்க்கிறது. சமவெளியில் காய்த்துத் தொங்கும் ஒவ்வொரு பலாவுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் இரண்டு மூன்று கோடை குடம் சுமந்திருக்கிறார். ஆல், அரசு, அத்தி எல்லாம் பலாவின் சொந்தக்காரர்கள். கீறினால் பால் வடிவதும், அடிமரத்திலும் பருங்கிளையிலும் காய் பிடிப்பதும் அத்தியின் சாயல். ஆலும் அரசும் எந்த வெயிலில் நிற்கின்றன என்று பார்த்தாலே பலாவின் உடம்பு எப்படிப்பட்டது என்று விளங்கிவிடும். ஆணிவேர் அடியீரத்தைத் தொட்டுவிட்டால் மேலே அனல் பறந்தாலும் மரம் கலங்காது. வேர் அந்த ஈரத்தைத் தொடும் வரை உள்ள காலம் வளர்ப்பவர் பொறுப்பு.

சான்றுக்கு வெகுதூரம் போக வேண்டாம். தமிழ்நாட்டில் பலா என்றால் பண்ருட்டி. அது மலையும் இல்லை, மலையடிவாரமும் இல்லை. முந்திரியும் பலாவும் பக்கம் பக்கமாக நிற்கும் செம்மண் மேடு அது. அங்கே மாளிகம்பட்டில் ‘ஆயிரங்காச்சி’ என்று பேர் வாங்கிய பழைய மரம் ஒன்று இன்றும் காய்க்கிறது. எங்களுக்கு இன்னும் பக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டம். ஆலங்குடியைத் தாண்டி வடகாடு, மாங்காடு, கீரமங்கலம் என்று போனால் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் வளர்ந்த பலாத் தோப்புகள் வரிசையாக நிற்கும். அந்த வட்டாரத்தின் வெயில் திருச்சி வெயிலுக்குச் சளைத்ததில்லை. கடல் தாண்டினால் யாழ்ப்பாணத்துத் தென்மராட்சி. சாவகச்சேரி, கொடிகாமம் சந்தைகளின் மாம்பழத்துக்கும் பலாப்பழத்துக்கும் ஈழத் தமிழரிடம் இருக்கும் மரியாதை தெரிந்ததே. அதுவும் இலங்கையின் வறண்ட வலயத்தில்தான் இருக்கிறது.

இந்த மூன்று இடங்களுக்கும் பொதுவாக இருப்பவை நீர் தேங்காத மண்ணும், பழம் பழுக்கும் மாதங்களில் மழையில்லாத வானமும். மார்கழி, தையில் பூத்திரி விடும் மரம் பங்குனி, சித்திரையில் காயைப் பெருக்கி, வைகாசி, ஆனியில் பழுக்க வைக்கிறது. நம் பக்கத்தில் அந்த மாதங்கள் முழுக்க வெயில். மலையாள நாட்டில் இடவப்பாதி மழை இறங்கிய பிறகு பழுக்கும் சக்கையை அவர்களே விரும்பித் தின்பதில்லை. சுளையில் நீர் ஏறி இனிப்பு வெளுத்துவிடும். நம்மூரிலும் கோடைமழை நாலு நாள் சேர்ந்தாற்போலப் பெய்த வாரத்துப் பழத்தைத் தின்று பாருங்கள், வித்தியாசம் நாக்கிலேயே தெரியும். வெயில் காய்ந்த பழத்தில் சுளை இறுகி, தேன் கட்டி, கடித்தால் நறுக்கென்று உடையும். மலைப்பழத்தின் வாசனை எட்டு வீட்டுக்கு அடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். கொல்லிமலைப் பழத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கடிக்கும்போது பல்லுக்குக் கிடைக்கும் அந்த உறுதி செம்மண் வெயில் பழத்துக்கே உரியது.

இனி எங்கள் ஊர் நிலத்துக்கு வருகிறேன். லால்குடி வட்டத்தில் மண் ஒரே மாதிரி இல்லை. பெருவளை வாய்க்கால், அய்யன் வாய்க்கால் பாயும் நெல்வயல்கள் களிமண். கொள்ளிடக் கரையோரப் படுகை, பொலபொலவென்ற மணல் கலந்த வண்டல். வடக்கே புள்ளம்பாடி, கல்லக்குடி பக்கம் போகப்போகக் கரிசலும் சுண்ணாம்பும். 1939 முதல் டால்மியாபுரத்தில் சிமெண்ட் ஆலை ஓடுவது அந்தச் சுண்ணாம்புக் கல்லை நம்பித்தான். இந்த மூன்று மண்ணிலும் பலாவின் தலையெழுத்து மூன்று விதம்.

நெல்வயலில் பலா வைப்பது வீண்வேலை. பலாவின் வேருக்கு மூச்சுக்காற்று வேண்டும். அடியில் சில நாள் நீர் கட்டி நின்றாலே வேர் அழுகத் தொடங்கும். மேலே இலை பழுத்து உதிர்வதைக் கண்டு, தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் தண்ணீர் கட்டிக் கன்றைக் கொன்றவர்களை எங்கள் பக்கம் நிறையப் பார்க்கலாம். ‘வெயிலில் கருகிவிட்டது’ என்று அவர்கள் சொல்வதில் பெரும்பங்கு தண்ணீரில் மூழ்கிச் செத்ததுதான். வடக்குச் சுண்ணாம்பு நிலத்தில் வேறு நோய். மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாமல் தளிரில் நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்றதெல்லாம் வெளிர்மஞ்சளாகவும் வரும். அங்கே வைக்கத்தான் வேண்டும் என்றால் பெரிய குழியெடுத்து, செம்மண்ணும் தொழுவுரமும் போட்டு, வருடா வருடம் இலைதழை மூடாக்கு இட்டு மண்ணைப் பழக்க வேண்டும். களர் நிலமும் உப்புக் கிணற்று நீரும் உள்ள இடத்தில் ஆசையை விட்டுவிடுவது நல்லது. களர் நில ஆராய்ச்சிக்கென்றே பேர் பெற்ற அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரி திருச்சிக்குத் தென்மேற்கே நவலூர் குட்டப்பட்டில் இருக்கிறது. மண்ணைச் சோதித்துக்கொண்டு கன்று வாங்கப் போவது அறிவுடைமை.

மிச்சமிருப்பது படுகையும், ஊருக்குள் மேட்டுக் கொல்லையும். லால்குடிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் பலா என்றால் இவைதாம். ஸ்ரீரங்கம் இரண்டு ஆற்றுக்கு நடுவே உள்ள தீவு. கொல்லைகளில் பத்தடி தோண்டினால் மணல் வரும், நீர் தங்காமல் இறங்கிவிடும், அடியில் ஈரமும் வற்றாது. பலா இதற்குமேல் எதையும் கேட்பதில்லை. படுகைக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. 2018 ஆகஸ்டில் கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூண்களையே சாய்த்துக்கொண்டு ஓடியது. அப்படி வெள்ளம் ஏறி நிற்கக்கூடிய தாழ்ந்த படுகையில் வாழையோடு நிறுத்திக்கொள்ளலாம். வாழை போனால் அடுத்த வருடம் வரும். பதினைந்து வருடத்துப் பலா போனால் போனதுதான்.

மரம் வாங்கும் கலையில் முதல் பாடம், கன்றை வாங்குவதற்கு முன் பழத்தை வாங்குவது. நல்ல பழத்தின் கொட்டையை ஊன்றினால் அதே பழம் வரும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். பலா அயல்மகரந்தம் ஏற்கும் மரம். கொட்டைக்குள் தாய் பாதி, எங்கோ நின்ற தகப்பன் பாதி. சுளை இறுகிய வருக்கையின் கொட்டையிலிருந்து சுளை குழைந்த கூழன் வரலாம், சிவந்த சுளையின் கொட்டையிலிருந்து வெளுத்த சுளை வரலாம். அது ஏழெட்டு வருடம் கழித்துக் காய்த்த பிறகுதான் தெரியும். நமக்குப் பிடித்த சுளைதான் வேண்டும் என்றால் அந்த மரத்தின் குச்சியிலிருந்து கட்டிய ஒட்டுக்கன்று வேண்டும். விதைக்கன்றுக்கு மதிப்பில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மரத்துக்காகவும் நிழலுக்காகவும் வைக்கிறவர்களுக்கு விதைக்கன்றுதான் சரி. வேர் ஆழம் அதிகம், ஆயுள் அதிகம், தண்டு நேராக ஏறும். ஆனால் கொட்டை காய்ந்தால் முளைக்காது. சுளை தின்ற சூட்டோடு கழுவி, நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றிவிட வேண்டும். பிடுங்கி நடுவதைப் பலாவின் ஆணிவேர் பொறுப்பதில்லை.

பழத்தைச் சோதிப்பதற்கும் முறை உண்டு. பலாப்பழம் உண்மையில் ஒரு பழமே இல்லை. நூற்றுக்கணக்கான பூக்கள் ஒன்றாகத் திரண்டது. மகரந்தம் சேர்ந்த ஒவ்வொரு பூவும் ஒரு சுளை, சேராத பூவெல்லாம் சடை. அதனால் ஒரே பழத்துக்குள் காம்புப் பக்கச் சுளைக்கும் நடுச்சுளைக்கும் அடிச்சுளைக்கும் ருசி கொஞ்சம் மாறும். மூன்றிலும் ஒவ்வொன்று தின்ன வேண்டும். சுளையின் கனம், கொட்டையின் பருமன், சடையின் அளவு, பிசினின் ஒட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, கடைசியாகத் தொண்டையில் என்ன மிஞ்சுகிறது என்று கவனிக்க வேண்டும். தின்றபின் தொண்டை கரகரவென்று அரித்தால் அந்த மரம் வேண்டாம். வாய் மணந்துகொண்டே இருந்தால், அந்த மரத்துக்காரரைத் தேடிப் போக வேண்டும். வடகாட்டுப் பக்கம் சாலையோரம் பழம் விற்ற ஓர் அம்மாவிடம் எந்த மரம் நல்ல மரம் என்று கேட்டேன். “தம்பி, பழத்தைக் கேட்டா பதில் சொல்லாது. அந்த மரத்துக்காரவுக வீட்டுல எதை விக்கிறாக, எதைத் தின்ன வச்சுக்கிறாகன்னு பாருங்க” என்றார். இதற்கு மேல் ஒரு தேர்வுமுறையை எந்த ஆராய்ச்சி நிலையமும் எனக்குச் சொல்லவில்லை.

ஆராய்ச்சி நிலையங்களும் ஏறக்குறைய இதே வழியில்தான் போயிருக்கின்றன. கடலூர் மாவட்டம் பாலூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பாலூர் 1, பண்ருட்டிக்குப் பக்கத்துப் பணிக்கன்குப்பத்து நாட்டு மரத்திலிருந்து தேர்ந்தெடுத்தது. பருவப் பழத்தோடு பருவம் தப்பிய காலத்திலும் ஒரு காய்ப்பு தரும். எங்கள் பக்கத்து மேட்டுக்கொல்லைக்கு என் முதல் வோட்டு இதற்கே. பிறந்த மண்ணும் வெயிலும் நம்முடையவற்றுக்கு நெருக்கம். சிங்கப்பூர்ப் பலா என்று நாம் சொல்வது இலங்கையிலிருந்து வந்தது. மூன்றாம் வருடமே காய்க்கத் தொடங்கிவிடும். பொறுமை இல்லாதவர்களுக்கு நல்ல மரம், சுளையில் மட்டும் கொஞ்சம் நார். பேச்சிப்பாறையின் வெளியீடு குமரி மாவட்டத்து ஈரத்தில் பிறந்தது. இங்கே அதற்குத் தண்ணீர்க் கவனம் கூடுதலாக வேண்டும்.

புதிதாகப் பேர் அடிபடுவது சித்து. கர்நாடகத்துத் தும்கூர்ப் பக்கம் ஒரு விவசாயியின் தோட்டத்து மரத்தைப் பெங்களூர் ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அடையாளம் கண்டு, அந்தக் குடும்பத்தோடு ஒப்பந்தம் போட்டு ஒட்டுக்கட்டிப் பரப்பியது. பழம் இரண்டரைக் கிலோ அளவில் அடக்கமாக இருக்கும், சுளை செம்பு நிறம். நாலுபேர் உள்ள வீட்டில் இருபது கிலோப் பழத்தை என்ன செய்வது என்று மலைக்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான மரம் இல்லை. தும்கூரும் மழை குறைந்த சீமைதான். வியட்நாமிலிருந்து வந்த சீக்கிரக் காய்ப்பு ரகத்தை எல்லா நர்சரிகளும் இப்போது தூக்கிக் காட்டுகின்றன. தொட்டியளவு உயரத்திலேயே காய்த்து நிற்பது கண்ணுக்கு அழகு. இனிப்பும் இருக்கிறது. ஆனால் வாசனை மேலோட்டம், ஒரு சுளை தின்றால் அடுத்ததைக் கை தேடுவதில்லை. என் கொல்லையில் ஓரிடம்தான் இருக்கிறதென்றால் அதை இதற்குக் கொடுக்க மாட்டேன்.

நர்சரியில் கன்றைத் தேர்வது கண்ணுக்கும் விரலுக்கும் உள்ள வேலை. உயரமான கன்றைத் தூக்காதீர்கள். சின்னப் பையில் நெடுநாள் நின்று உயர்ந்த கன்றின் ஆணிவேர் அடியில் சுருண்டு முறுக்கிக்கொண்டிருக்கும். அந்த முறுக்கு பிறகு அவிழாது. பத்து வருடம் கழித்து ஆடிக்காற்றில் மரம் சாய்வது அதனால்தான். முழங்கால் உயரம் போதும். ஒட்டு போட்ட இடம் தடிப்பின்றிக் கூடியிருக்க வேண்டும். ஒட்டுக்கு மேலே குறைந்தது ஒரு முறை துளிர் விட்டு முற்றிய இலை இருக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிர் வேர்ச்செடியினுடையது. அதை விட்டுவைத்தால் அது ஒட்டை அமுக்கிக்கொண்டு தான் மரமாகிவிடும், ‘ஒட்டுப்பலா என்று கொடுத்து ஏமாற்றிவிட்டான்’ என்று கடைக்காரரைத் திட்டுவோம். அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளில் கன்றுக்குப் பூர்வீகம் சொல்லித் தருவார்கள். புதுக்கோட்டை அருகே வல்லத்திராக்கோட்டையில் அப்படி ஒரு பண்ணை இருக்கிறது. தனியார் நர்சரியில் வாங்கினால், தாய்மரம் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். தயங்காமல் பதில் வந்தால் வாங்கலாம்.

நடுவதற்குப் பலர் ஆடிப்பட்டத்தைப் பிடிப்பார்கள். எங்கள் ஊருக்கு அது சரிவராது. ஆடிக்காற்று இளந்தளிரைக் கிழித்து, இலை ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். புரட்டாசிக் கடைசியில் நட்டால் ஐப்பசி, கார்த்திகை மழை முழுதும் கன்றுக்குக் கிடைக்கும். அடுத்த சித்திரைக்குள் வேர் இறங்க ஆறு மாதம் அவகாசம். மூன்றடிக்கு மூன்றடி குழி, மூன்றடி ஆழம், மேல்மண்ணோடு பத்துக்கிலோ தொழுவுரம், ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கு. வயல் ஈரம் உள்ள இடம் என்றால் குழியை மூடி ஒரு மேடு கட்டி அதன் தலையில் நட வேண்டும். மரத்துக்கு மரம் எட்டு மீட்டர் என்று புத்தகம் சொல்கிறது. இடமிருந்தால் பத்து விடுங்கள். பலா நெருக்கத்தை விரும்பாது.

அடுத்த இரண்டு கோடைகளில்தான் வளர்ப்பவரின் கைத்திறம் தெரியும். மேற்குப் பக்கமும் தெற்குப் பக்கமும் தென்னங்கீற்றைச் சாய்த்துக் கட்டி நிழல் தருவார்கள். எனக்குப் பிடித்தது லால்குடிக்கே உரிய இன்னொரு முறை. கன்றிலிருந்து ஆறேழு அடி தள்ளி மேற்கே இரண்டு வாழை, தெற்கே ஓர் அகத்தி. வாழை பிற்பகல் வெயிலைத் தாங்கிக்கொள்ளும். அகத்தி சல்லடை நிழல் தந்துவிட்டு, மூன்றாம் வருடம் தானே ஓய்ந்துவிடும். வாழைக்கு விடும் தண்ணீர் பலாவின் அடிக்கு வராதபடி நடுவே ஒரு வரப்பு மட்டும் வேண்டும். பலாவுக்குத் தண்ணீர், தண்டை ஒட்டி ஊற்றக்கூடாது. ஓரடி தள்ளி வட்டப்பாத்தி கட்டி, வருடா வருடம் பாத்தியை வெளியே நகர்த்திக்கொண்டே போனால் வேரும் தண்ணீரைத் தேடி வெளியே நடக்கும். தண்ணீர் கஷ்டம் உள்ளவர்கள் மண்பானையின் அடியில் துளையிட்டுத் திரி செருகி, கழுத்து வரை புதைத்து வைக்கிறார்கள். இரண்டு நாளைக்கு ஒரு முறை நிரப்பினால் வேருக்குக் கசிந்துகொண்டே இருக்கும். சருகு மூடாக்கு அரையடி கனத்துக்கு எப்போதும் கிடக்கட்டும், தண்டை மட்டும் தொடாமல். ஆட்டுக்குப் பலா இலையைப் போல ருசியான தீனி வேறில்லை. வேலி போடாமல் மற்ற எல்லாவற்றையும் செய்வதில் பயனில்லை.

மூன்றாம் வருடம் முதல் மரம் தன்னைப் பார்த்துக்கொள்ளும். ஒட்டுமரம் ஐந்தாம் வருடத்தையொட்டி முதல் காய் காட்டும். புதிதாக வளர்ப்பவர்கள் அப்போது ஒரு பயம் பயப்படுவார்கள். விரல்போல் நீண்ட பிஞ்சுகள் கறுத்துப் பூசணம் பூத்துக் கொத்துக் கொத்தாய் உதிரும். அவை பிஞ்சுகளே அல்ல, ஆண்பூத் திரிகள். மகரந்தம் தந்த பிறகு அவை உதிர்வதே முறை. பெண் திரி தடித்த காம்போடு, முள் எழும்பி, அடிமரத்திலும் பருங்கிளையிலும் தனியே நிற்கும். உதிர்ந்த ஆண்திரிகளை அடியில் அழுகவிடாமல் பொறுக்கிவிட்டால் அந்தப் பூசணம் நல்ல பிஞ்சுக்குத் தாவாது. ஒரு காம்பில் நாலைந்து பிஞ்சு பிடித்தால் ஒன்றை, மிஞ்சினால் இரண்டை வைத்துக்கொண்டு மற்றதைப் பலாமூசு பதத்தில் அறுத்துச் சமையலுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஸ்ரீரங்கத்து வீடுகளில் பலாமூசுக் கறி சமைக்கத் தெரிந்த பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஒரு கறிக்காகவே மரம் வைக்கலாம்.

காய் பெருக்கும் பங்குனி, சித்திரையில் தண்ணீரை முறை தவறாமல் விட வேண்டும். பத்து நாள் காயப்போட்டுவிட்டு ஒரேயடியாகப் பாய்ச்சினால் காய் வெடிக்கும். முற்றத் தொடங்கியதும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருவார்கள் தெரிந்தவர்கள். மழைநாட்டானுக்குக் கிடைக்காத வசதி இது. தன் பழத்துக்குள் எவ்வளவு நீர் ஏற வேண்டும் என்பதை வெயில்நாட்டுக்காரன் தன் கையால் முடிவு செய்கிறான். எங்கள் பலாவின் ருசி பாதிக்குமேல் இந்த இடத்தில்தான் உண்டாகிறது.

பறிக்கும் பதம் அறிவது எல்லாவற்றுக்கும் மேலான வித்தை. முள் அகன்று தட்டையாகும், பச்சை மங்கும், காம்புக்கு மிக அருகில் உள்ள இலை பழுக்கும். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. பண்ருட்டி மண்டி ஆட்கள் கண்ணை நம்புவதில்லை, காதை நம்புகிறார்கள். கத்திப்பிடியாலோ விரல் முட்டியாலோ ஒரு தட்டுத் தட்டி, இறுக்கமான சத்தம் வந்தால் விட்டுவிட்டு, உள்ளே காற்று புகுந்த தளர்ந்த சத்தம் வந்தால் அறுக்கிறார்கள். ஒரு மரத்தில் ஒரே நாளில் எந்தக் காய் இன்றைக்கு, எது நாலு நாள் கழித்து, எது அடுத்த வாரம் என்று தட்டித் தட்டி சுண்ணாம்புக் குறி போடும் ஆளின் வேலையைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். அறுத்தபின் காம்புக் கட்டையை மரத்தோடு ஒட்ட நறுக்காமல் விரல்நீளம் விட்டு நறுக்குவதும் அந்த வித்தையில் சேர்த்திதான். அடுத்த வருடத்துத் திரி அந்தக் கட்டையைச் சுற்றித்தான் கிளம்பும்.

இதே மரத்தைத் தட்டிக் கேட்கும் இன்னொரு கூட்டமும் நம்மிடம் உண்டு. லால்குடி என்றதும் உலகம் நினைப்பது ஜெயராமனின் (1930–2013) வயலினை. அந்த வயலினோடு மேடையில் உட்கார்ந்த மிருதங்கத்தின் கட்டை பலா. தவில் பலா. புதுக்கோட்டை மான்பூண்டியாப் பிள்ளை கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த கஞ்சிராவின் வளையமும் பலா. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையில் குடம், தண்டி எல்லாமே பலா. ஒரே மரத்தில் குடைந்ததானால் அதற்கு ஏகாண்ட வீணை என்று பேர், அதற்கு மதிப்பே வேறு. இந்த வாத்தியங்களைச் செய்பவர்கள் பண்ருட்டி மரத்தை விரும்பிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீரை அளந்து குடித்து வெயிலில் மெதுவாக வளர்ந்த மரத்தில் இழை நெருங்கி வைரம் பாய்ந்திருக்கும், நாதம் அடங்காமல் ஒலிக்கும். சுளையை இறுக்கும் அதே வெயில் கட்டையையும் இறுக்குகிறது. பழத்துக்கு வைத்தவர் ஐம்பது வருடம் தின்றுவிட்டு, பேரன் காலத்தில் அதை ஒரு வீணையாகக் கொடுக்கலாம். இப்படி இரண்டு முறை பயன்தரும் மரம் நம் கொல்லையில் வேறு எது?

காற்று ஒன்றுதான் பலாவுக்கு வரும் பெரிய பகை. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் பண்ருட்டித் தோப்புகளைச் சாய்த்தது. 2018 நவம்பர் 16இல் கஜா வடகாடு, கீரமங்கலத்தைப் புரட்டிப் போட்டது. இருபது முப்பது வருடத்து மரங்கள் ஒரே இரவில் போயின. அந்த ஊர்க்காரர்கள் பலாவைக் கைவிட்டுவிடவில்லை. உள்நாட்டில் இருக்கும் திருச்சிக்கு அந்த ஆபத்து குறைவு. கிளையை உயரப் போகவிடாமல் முதல் நாலைந்து வருடத்திலேயே நுனி கிள்ளிப் படரவைத்தால் காற்றும் பிடிக்காது, பறிப்பதற்கும் ஏணி வேண்டாம்.

எங்கள் ஊரில் பலாவுக்கு ஆபத்து புயலிலிருந்து வரவில்லை. கொல்லைகள் மனைகளாகின்றன. லால்குடியிலும் ஸ்ரீரங்கத்திலும் பாட்டன் வைத்த நாட்டுப் பலாக்கள், பேர் சொல்லாத, எந்தப் பட்டியலிலும் ஏறாத மரங்கள், வீடு இடித்துக் கட்டும்போது வெட்டப்படுகின்றன. அவற்றில் சில எழுபது எண்பது வருடம் இந்த வெயிலையும் இந்த மண்ணையும் தாங்கித் தேறியவை. எங்கள் பக்கத்துக்கு எந்தப் பலா சரி என்ற கேள்விக்கு விடை அவற்றின் குச்சியில் இருக்கிறது. பாலூர் 1ஐயும் சித்துவையும் இப்படி ஒற்றை மரத்திலிருந்துதான் எடுத்தார்கள். குச்சி எடுப்பது கடினமில்லை. பென்சில் கனமுள்ள முற்றிய நுனிக்கிளையில் பத்து நாள் முன்னதாக இலைகளைக் காம்பு விட்டு நறுக்கி, மொட்டு பருத்ததும் வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, அன்றைக்கே ஒட்டுக்கட்டத் தெரிந்தவரிடம் சேர்த்தால் போதும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ நல்ல சுளை தரும் பழைய பலா இருந்து, அதை வெட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், வெட்டும் ஆளுக்குச் சொல்லியனுப்புவதற்குப் பத்து நாள் முன்னால் ஒட்டுக்கட்டுகிறவருக்குச் சொல்லியனுப்புங்கள்.